ஸ்டேடியம் கான்செர்ட்டா, சின்ன ரூம் ஷோவா? எதுக்கு டிக்கெட் போடலாம் சொல்லுங்க

மொட்டைமாடி_ரேடியோ:

மக்களே ஒரு பஞ்சாயத்து. ஒரே மாசத்துல ரெண்டு ஷோ வருது, ரெண்டுக்கும் போக கையில காசு இல்ல. ஒண்ணு ஸ்டேடியம் ஷோ, சின்ன வயசுலேர்ந்து கேக்குற பேண்ட், இனிமே இந்தப் பக்கம் வருவாங்களான்னே தெரியாது. இன்னொண்ணு ஒரு நூறு பேர் நிக்கிற ரூம்ல நடக்குது, பாடுறவங்கள வெளிய யாருக்கும் பெருசா தெரியாது, ஆனா எனக்கு அவங்க பாட்டுன்னா உயிரு.

முன்னாடி ஒரு பெரிய ஷோவுக்கு போனப்ப மேல் அடுக்குல சீட்டு. மேடையில நின்னவர் சுண்டுவிரல் நகத்தளவு தெரிஞ்சாரு, மொத்த ஷோவும் ஸ்க்ரீனதான் பாத்துட்டு இருந்தேன். ஸ்க்ரீன் பாக்கவா அவ்ளோ தூரம் போனோம்னு ஒரு கடுப்பு. ஆனா கூட வந்தவங்க எல்லாம் வாழ்க்கையிலயே பெஸ்ட் நைட்டுனு சொல்றாங்க, அப்ப அவங்களுக்கு என்ன கெடச்சுது எனக்கு என்ன கெடைக்கலனு புரியல.

"ரெண்டும் ரெண்டு விதமான அனுபவம்"னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அது எனக்கே தெரியும். ஒரு பக்கம் சாஞ்சு பேசுங்க.

கத்திப்பாடுவோர்_சங்கம்:

ஸ்டேடியம். யோசிக்கவே வேணாம் ப்ரோ.

நீ பாக்க போன, அதான் ப்ராப்ளம். பெரிய ஷோவுக்கு பாக்கவும் போகக்கூடாது, சொல்லப்போனா கேக்கவும் போகக்கூடாது, பாட்டு கேக்கணும்னா வீட்ல ஹெட்ஃபோன் போட்டா இத விட நல்லாவே கேக்கும். அங்க போறது கூட்டத்துல ஒரு ஆளா இருக்க. லைட் அணையும் பாரு, அந்த நிமிஷம், அப்புறம் முதல் ரெண்டு நோட்டு வந்ததும் இது இந்த பாட்டுடான்னு அம்பதாயிரம் பேருக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சு ஒரு சத்தம் வரும், அத எந்த ரெக்கார்டிங்லயும் புடிக்க முடியாது. பக்கத்துல யாருன்னே தெரியாது, அவன் தோள்ல கைய போட்டுட்டு கத்திட்டு இருப்ப. எனக்கு சுருதி சுத்தமா கெடையாது, வீட்ல பாடுனா கதவ சாத்துவாங்க, அங்க நான் பாடகன்.

1985 லைவ் எய்ட்னு நிதி திரட்ட நடந்த கச்சேரில, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல குயின்ங்கற பேண்ட் வாசிச்ச வீடியோவ பாரு. 70 ஆயிரத்துக்கு மேல கூட்டம், பகல் வெளிச்சம், லைட் எஃபெக்ட்டெல்லாம் வேலைக்கே ஆகாது, அவங்களுக்கு குடுத்தது இருபது நிமிஷம் சொச்சம். அவங்க பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி சும்மா ராகமா ஒரு கத்து கத்துவாரு, மொத்த ஸ்டேடியமும் அத அப்படியே திருப்பி கத்தும். நூறு பேர் ரூம்ல இத பண்ணா ஏதோ பயிற்சி வகுப்பு மாதிரி இருக்கும்.

ஃபேடர்_அண்ணன்:

நான் சவுண்ட் மிக்ஸிங் பக்கம் வேல பாக்குறவன், பெருசு சின்னது ரெண்டுலயும். மேல சொன்ன தம்பி அந்த அம்பதாயிரம் பேர் கத்துறத சொன்னாரு இல்ல, அது "ஒரே நேரத்துல" கெடையாது, அதுதான் அதுல விசேஷமே.

சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர்தான் போகும். மேடையிலேர்ந்து 100 மீட்டர் தள்ளி நிக்கிறவருக்கு மேடையில அடிச்ச அடி 0.3 செகண்ட் கழிச்சுதான் போய் சேரும். அவரு அதுக்கு கை தட்டுனா அந்த தட்டு மேடைக்கு திரும்பி வர இன்னொரு 0.3. ஆக பாடுறவர் காதுக்கு பின்வரிசை கைதட்டு 0.6 செகண்ட் லேட்டு. நிமிஷத்துக்கு 120 தாள அடி போற பாட்டுல ஒரு அடிக்கு அரை செகண்ட், அப்ப கூட்டம் ஒரு அடிக்கும் மேல பின்தங்கி தட்டிட்டு இருக்கு. காதுல ஒண்ணும் இல்லாம வெறுமனே நின்னு அத நம்பி பாடுனாருன்னா பாட்டு தானா இழுபட்டுக்கிட்டே போகும். அதுக்குத்தான் இன்-இயர் மானிட்டர், அதாவது மேடை சத்தத்த நேரா கேக்க காதுக்குள்ள மாட்டிக்கிற இயர்ஃபோன். ஸ்டேடியம் முழுக்க பாடும்போது அந்த ஓசை பரந்து விரிஞ்சு வழியுற மாதிரி இருக்குல்ல, அது ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு நேரத்துல பாடுறதால வர்றது.

ஸ்க்ரீன்ல வாயும் பாட்டும் ஒட்டலனு நெறைய பேர் புலம்புவாங்க, அதுக்கும் காரணம் இதான். படம் கேமராவுலேர்ந்து ஸ்க்ரீனுக்கு வர கொஞ்சூண்டு லேட் ஆகும், ஆனா சத்தம் அளவுக்கு ஆகாது. சில ஷோல படத்தையும் வேணும்னே லேட் பண்ணி ஓட்டுவாங்க, அது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் சரியா பொருந்தும், மத்தவங்களுக்கு பொருந்தாது.

மைதானத்துக்கு நடுவுல டவர் மேல ஸ்பீக்கர் நிக்கும் பாத்துருப்பீங்க. அது டிலே டவர். மேடை ஸ்பீக்கர் சத்தம் அங்க வந்து சேர்ற நேரத்த கணக்கு பண்ணி, அதுக்கு மேல ஒரு பத்து இருபது மில்லி செகண்ட் சேத்து லேட்டா விடுவோம். ஏன்னா காது எந்த சத்தம் மொதல்ல வருதோ அந்தப் பக்கம்தான் ஆள் நிக்கிறாருன்னு நம்பும், பின்னாலயே இன்னும் சத்தமா ஒண்ணு வந்தாலும் ஏமாறாது. இத 1949லயே ஹெல்முட் ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் எழுதி வெச்சுட்டாரு. டவர்தான் உங்களுக்கு சத்தத்த குடுக்குது, ஆனா மேடையிலேர்ந்து வர்ற மாதிரி உங்களுக்கு தோணும். இத சரியா செட் பண்ணாத ஷோவுல நின்னா எல்லா வார்த்தையும் ரெண்டு தடவ கேக்கும், தலவலிதான் மிச்சம்.

பெரிய ஷோல சவுண்ட் மோசம்னு பொத்தாம்பொதுவா சொல்றது இப்ப செல்லாது. ஒரு காலத்துல செல்லும். 1965 ஆகஸ்ட்ல நியூயார்க் ஷியா ஸ்டேடியத்துல பீட்டில்ஸ் வாசிச்சாங்க, 55,000க்கு மேல ஜனம். அவங்க கிட்ட இருந்தது 100 வாட் ஆம்ப்ளிஃபையருங்க, பாட்டு போனது பேஸ்பால் மேட்ச்ல அறிவிப்பு சொல்ற ஸ்பீக்கர்லயும், மேடையில தங்களுக்கே கேக்க மானிட்டர் கெடையாது. ரசிகருங்க போட்ட கூச்சல்ல அவங்க வாசிக்கிறது அவங்களுக்கே கேக்கல. அடுத்த வருஷம் ஆகஸ்ட்லயே டூர் போறத நிறுத்திட்டாங்க. காரணம் இது மட்டும் இல்ல, ஆனா இதுவும் ஒண்ணு.

1990கள்ல லைன் அரே பரவினதுக்கு அப்புறம் கதை மாறிப்போச்சு. மேடைக்கு ரெண்டு பக்கமும் வளைஞ்சு தொங்குமே ஸ்பீக்கர் வரிசை, அதான். சாதா ஸ்பீக்கர்ல தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், இதுல ஒரு குறிப்பிட்ட தூரம் வரைக்கும் 3 டெசிபல் பக்கம்தான் குறையும். முன்வரிசை காது கிழியாம பின்வரிசைக்கு பாட்டு போறது இதாலதான். காத்து அடிச்சா மட்டும் நாங்க காலி, ஹைஸ், அதாவது கீச்சு சத்தம் எல்லாம் அலை மாதிரி வந்து வந்து போகும், அதுக்கு மருந்தே இல்ல.

சின்ன ரூம்ல சவுண்ட் நல்லாருக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது பாதி கட்டுக்கதை. டிரம்ஸுக்கு மைக்கே வேணாம், அதுவா அடிச்சாலே ரூம் ரொம்பிடும். அதுக்கு மேல கிடார்காரர் தன் ஆம்ப ஏத்துவாரு, அதுக்கு மேல பாடுறவர் குரல ஏத்துனா ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளயே திரும்பிப் போய் ஃபீட்பேக் கீச்சுனு கத்தும். கடைசியில குரல்தான் பலி. பேஸ் இன்னும் மோசம், ஒரு மூலையில நின்னா வயிறு அதிரும், ரெண்டு எட்டு நகந்தா காணாமப் போயிரும். நான் வேல பாத்ததுலயே கஷ்டமான ஷோ எல்லாம் சின்ன ரூம் ஷோதான்.

மூணாவது_படிக்கட்டு:

அண்ணே சவுண்ட் எல்லாம் சரி, என் ஹைட்டுக்கு எனக்கு கெடைக்கிறது முதுகுதான். பெரிய ஷோல நின்னுட்டு பாக்குற ஏரியான்னா நான் பாக்குறது எனக்கு முன்னாடி நிக்கிறவரோட டீ-ஷர்ட்ல என்ன எழுதிருக்குங்கறது, அதுல அவரு ஃபோன வேற தூக்கிப் புடிச்சிருப்பாரு. சின்ன ரூம்ல மட்டும்தான் எனக்கு மனுஷ முகம் தெரிஞ்சிருக்கு. ஒரு தடவ பாட்டுக்கு நடுவுல அந்தம்மா கிடார் தந்தி அறுந்துச்சு, பேசிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, பழைய தந்திய உருவி புதுசு கோத்து, நுனிய சுத்தி, காத பக்கத்துல வெச்சு சுருதி சேத்து, விட்ட வரியிலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. அந்த ரெண்டு மூணு நிமிஷம் ரூம்ல ஒருத்தரும் ஃபோன எடுக்கல. ஸ்டேடியத்துல தந்தி அறுந்தா ஓரத்துலேர்ந்து ஒருத்தர் ஓடிவந்து வேற கிடார மாட்டிட்டு போயிருவாரு, உங்களுக்கு அறுந்ததே தெரியாது.

அப்புறம் கூட்டம்னா ஜாலின்னு மேல எழுதியிருக்கீங்க, நெரிசல பத்தி யாரும் பேசல. 1979ல சின்சினாட்டியில தி ஹூங்கற பேண்டோட ஷோவுக்கு உள்ள நுழையும்போதே 11 பேர் செத்தாங்க, 2021ல ஹூஸ்டன்ல ட்ராவிஸ் ஸ்காட் ஷோல 10 பேர். ஒரு சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் ஆயிட்டாங்கன்னா அதுக்கப்புறம் நீங்க எங்க போறீங்கன்னு நீங்க முடிவு பண்ண முடியாது, கூட்டம்தான் இழுத்துட்டு போகும். கீழ விழுந்துதான் சாகணும்னு இல்ல, நின்ன எடத்துலயே நெஞ்சு விரியாம மூச்சு நின்னுரும். உயரமானவங்களுக்கு மேல காத்தாவது கெடைக்கும். போனா கை ரெண்டையும் நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வெச்சுக்கோங்க, தள்ளுறாங்கன்னு தெரிஞ்சா முன்னாடி போக பாக்காதீங்க, அலை பின்வாங்கும்போது குறுக்க ஓரமா நகருங்க.

மொட்டைமாடி_ரேடியோ:

அந்த கிடார் தந்தி கதை ரொம்ப புடிச்சிருக்கு. @ஃபேடர்_அண்ணன், அண்ணே ஒரு டவுட். பெரிய ஷோல எல்லாம் முன்னாடியே செட் பண்ணி வெச்சதுதான் ஓடுது, பாடகர் மாத்தணும்னு நெனச்சாலும் மாத்த முடியாதுங்கறாங்களே, நெசமா? அப்புறம் எங்க நின்னா நல்லா கேக்கும்?

ஃபேடர்_அண்ணன்:

ஷோவ பொறுத்தது. லைட், வீடியோ, தீ, எல்லாம் பாட்டோட சேந்து ஓடணும்னா டைம்கோட்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துக்கு கட்டி வெக்கிற சிக்னல் ஒண்ணு ஓடும், வாசிக்கிறவங்க காதுல டிக் டிக்னு க்ளிக் ஓடும். அது ஓடுதுன்னா பாட்டு நாலு நிமிஷம் பத்து செகண்ட்னா அவ்ளோதான். கூட்டம் குஷியா இருக்கு, இந்த சரணத்த இன்னொரு தடவ பாடுவோம்னு அவரு நெனச்சா லைட் ஒரு பக்கம் போகும் அவரு ஒரு பக்கம் போவாரு. அதனால சில எடத்துல மட்டும் வேணும்னே க்ளிக் இல்லாம விட்டு வெப்பாங்க, பேசுறதுக்கு, கூட்டத்த பாட வெக்கிறதுக்கு. நீங்க "இப்ப திடீர்னு பண்ணாரு"னு நெனச்சது பாதி நேரம் அந்த எடமாத்தான் இருக்கும். எல்லாரும் அப்படி இல்ல, பெரிய ஸ்டேடியத்துலயும் க்ளிக் இல்லாம, பாட்டு வரிசைய அங்கயே மாத்தி வாசிக்கிற பேண்டுங்களும் இருக்காங்க.

இன்னொண்ணு தெரியுமா, இன்-இயர் போட்டதும் வெளிய சத்தம் நல்லா அடங்கிரும். அம்பதாயிரம் பேர் முன்னாடி நிக்கிறவருக்கு ஏதோ கண்ணாடி ரூமுக்குள்ள நிக்கிற ஃபீலிங். அதனால மேடை ஓரத்துல கூட்டத்த பாத்து மைக் வெச்சு, அந்த சத்தத்த எடுத்து அவரு காதுக்கு நாங்க அனுப்புவோம். நீங்க கத்துறது அவருக்கு எவ்ளோ கேக்கணும்ங்கறது மானிட்டர் மிக்ஸ் பண்றவர் கையில இருக்கு. சின்ன ரூம்ல அதெல்லாம் கெடையாது. நீங்க இருமுனாலும் பாடுறவங்களுக்கு கேக்கும், ஒருத்தர் பாட்டுப் பேர சொல்லி கத்துனா அவங்க சரின்னு தலையாட்டி அதயே பாடுவாங்க. நான் ஒரு பக்கம் சாயணும்னா இதுக்காகத்தான் சின்னதுக்கு சாய்வேன், சவுண்டுக்காக இல்ல. அங்க நீங்க ஷோவ மாத்த முடியும்.

எங்க நிக்கிறதுன்னா, மிக்ஸிங் டெஸ்க் எங்க இருக்கோ அதுக்கு முன்னாடியோ பக்கத்துலயோ. நாங்க எங்க காதுக்கு கேக்குறத வெச்சுத்தான் மிக்ஸ் பண்றோம், எங்களுக்கு நல்லா கேட்டா பக்கத்துல உங்களுக்கும் நல்லா கேக்கும். டெஸ்க்க ஓரமா எங்கயாச்சும் தூக்கிப் போட்டுட்டாங்கன்னா அன்னைக்கு எங்களுக்கும் சேத்து சங்கடம்.

வில்லும்_தந்தியும்:

மைக் இல்லாத சங்கீதத்தப் பத்தி ஒருத்தரும் பேசலையேன்னுதான் வந்தேன். நான் வயலின்காரன், கொஞ்சம் பழைய ஆள்.

இந்த சண்டை ஸ்பீக்கர் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு தம்பிகளா. 1840கள்ல ஃப்ரான்ஸ் லிஸ்ட்னு ஒரு பியானோ கலைஞர் பெரிய அரங்கங்கள்ல தனி ஆளா பியானோ வாசிச்சு கூட்டத்த கிறுக்கு புடிக்க வெச்சாரு. அதே காலத்துல ஷோப்பேன்னு இன்னொரு பியானோ கலைஞர் கூட்டம்னாலே ஒதுங்கினாரு, வீட்டுக் கூடத்துல நாலஞ்சு நண்பர்களுக்கு வாசிக்கிறதுதான் அவருக்கு இஷ்டம், வாழ்நாள் முழுக்க அவர் பொதுமேடையில வாசிச்சது சுமாரா 30 தடவ இருக்கும்னு சொல்லுவாங்க. அவர் வாசிப்பு அவ்வளவு மெலிசு. கடைசி வரிசைக்கு கேக்கணும்னு அழுத்திட்டா அது வேற வாசிப்பு ஆயிடும்.

இதான் நான் சொல்ல வந்தது. அரங்கம் பெருசானா சத்தம் மட்டும் கூடறதில்ல, வாசிக்கிற விதமே மாறுது. லண்டன்ல விக்மோர் ஹால்னு ஒண்ணு, 1901ல திறந்தது, 550 இருக்கைதான். அங்க வில்லு தந்திய தொடற அந்த முதல் உரசல் கேக்கும். அதே ஊர்ல ராயல் ஆல்பர்ட் ஹால், 1871, அஞ்சாயிரத்துக்கு மேல உக்காரலாம், திறந்த நாள்லேர்ந்து எதிரொலி, 1969ல கூரையிலேர்ந்து காளான் மாதிரி தட்டுகள தொங்கவிட்டுத்தான் அத ஒருவழியா அடக்கினாங்க. நூறு வருஷம் ஒரே ஸ்வரத்த ரெண்டு தடவ கேட்டுட்டு உக்காந்திருந்தாங்க, இருந்தும் கூட்டம் குறையல. அதுலேர்ந்தே தெரியுது, ஜனம் சவுண்டுக்காக மட்டும் வர்றதில்ல.

ஆனா அந்த பெரிய ஆர்கெஸ்ட்ராவும் நூத்துக்கணக்கான பேர் கோரஸும் ஒண்ணா எழும்பற இசை இருக்கே, அத சின்ன அறையில வெச்சா அறையும் கெட்டுது இசையும் கெட்டுது. பாட்டு எந்த அளவு இடத்துக்கு எழுதினதுன்னு பாத்துட்டு டிக்கெட் வாங்குங்க.

ஓரமா_நிக்கிறேன்:

யாருமே சொல்லாத ஒரு உண்மைய சொல்றேன். சின்ன ஷோ கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு நரகம்.

ஒரு ஷோவுக்கு போனேன், வந்திருந்தது மொத்தம் விரல் விட்டு எண்ணுற ஆளுங்க. பாடுறவர் கண்ண மூடிப் பாடுற டைப்பா இருப்பாருன்னு பாத்தா என்னையே பாத்து பாடுறாரு. நான் எங்க பாக்குறது? அவரையே பாத்தா ஒரு மாதிரி இருக்கு, கீழ பாத்தா புடிக்கலனு நெனப்பாரு. தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன், கழுத்து சுளுக்கிருச்சு. பாட்டு சுமார்தான், எந்திரிச்சு போகலாம்னா கதவு மேடைக்கு பக்கத்துல. பாட்டு முடிஞ்சதும் கைதட்டல் ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்குது, நான் நிறுத்துனா தெரிஞ்சுரும்னு நிறுத்தாம தட்டுனேன். முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்து "எப்படி இருந்துச்சு?"னு வேற கேட்டாரு.

ஸ்டேடியத்துல நீ அழு, ஆடு, தூங்கு, எவனும் பாக்க மாட்டான். ஆளே இல்லாத எடத்துல கெடைக்கிற தனிமைய விட அம்பதாயிரம் பேருக்கு நடுவுல கெடைக்கிற தனிமை சூப்பர். என் ஓட்டு பெருசுக்கு.

கத்திப்பாடுவோர்_சங்கம்:

@ஓரமா_நிக்கிறேன் கழுத்து சுளுக்குனதுக்கு சிரிச்சு எனக்கு வயிறு சுளுக்கிருச்சு 😂

பி_சைடு:

பெரிய மேடை பாடுறவங்கள என்ன பண்ணுதுன்னு ஒரு கதை. 1977 ஜூலை, மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம், பிங்க் ஃப்ளாய்ட் பேண்ட் ஷோ. முன்வரிசையில ரகளை தாங்காம அந்த பேண்டோட ரோஜர் வாட்டர்ஸ் ஒரு ரசிகர் மேல துப்பிட்டாரு. அப்புறம் தன் மேலயே அருவருப்பு வந்து, எனக்கும் கேக்குறவங்களுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்குன்னு யோசிச்சுத்தான் 1979ல "தி வால்" ஆல்பம் வந்துச்சு. அதோட ஷோல மேடைக்கு குறுக்க நெசமாவே செங்கல் செங்கலா சுவர் எழுப்பி கடைசியில இடிப்பாங்க. கூத்து என்னன்னா, ஸ்டேடியம் வேணாம்னு பொறந்த அதே ஷோவ 1990ல அவரே பெர்லின்ல லட்சக்கணக்கான ஜனத்துக்கு முன்னாடி நடத்துனாரு. ரெண்டு கட்சிக்கும் அவரயே சாட்சிக்கு கூப்பிடலாம்.

இன்னொரு விஷயம், ரேடியோ நீ ஸ்டேடியத்துக்கு போகலன்னா அந்த பேண்டுக்கு ஒண்ணும் ஆகாது, உன் சீட்டுக்கு வேற ஆளு வரும். நூறு பேர் ரூம்ல ஒரு ஆள் குறைஞ்சா அன்னைக்கு அவங்க வண்டி வாடகை இடிக்கும். பீட்டில்ஸ் ஷியா ஸ்டேடியத்துல நேரா போய் எறங்கல, அதுக்கு முன்னாடி லிவர்பூல்ல கேவர்ன் க்ளப்புங்கற ஒரு நிலவறையில கிட்டத்தட்ட 300 தடவ வாசிச்சிருக்காங்க. அந்த மாதிரி ரூம் எல்லாம் மூடிட்டே வருது. பெரியவங்களுக்கும் இது தெரியும், கோல்ட்ப்ளே பேண்ட் 2025 பிரிட்டன் ஸ்டேடியம் ஷோ வருமானத்துல 10 சதவீதத்த மியூசிக் வென்யூ ட்ரஸ்ட்டுக்கு குடுக்கறதா அறிவிச்சாங்க, அவங்க இந்த மாதிரி சின்ன எடங்கள காப்பாத்தற ஆளுங்க.

மூணாவது_படிக்கட்டு:

எங்க போனாலும் காதுக்கு ப்ளக் எடுத்துட்டு போங்க. உலக சுகாதார அமைப்பு 2022ல சொன்ன வரம்பு 15 நிமிஷ சராசரி 100 டெசிபல், சின்ன ரூம்ல ஸ்பீக்கருக்கு ரெண்டு அடி தள்ளி நின்னா அத தாண்டறது ஈஸி. பஞ்ச அடைக்காதீங்க, அது பாட்ட மழுங்கடிக்கும். இசைக்காகவே விக்கிற ப்ளக் இருக்கு, எல்லா சுருதியையும் சமமா குறைக்கும்.

மொட்டைமாடி_ரேடியோ:

எல்லாருக்கும் நன்றிங்க. பி_சைடு எழுதுனத படிச்சிட்டு சின்ன ரூம்தான்னு முடிவு பண்ணி டிக்கெட் எடுக்கலாம்னு உக்காந்தேன், அதுக்குள்ள ஃப்ரெண்டு ஸ்டேடியத்துக்கு எனக்கும் சேத்து புக் பண்ணிட்டேன்னு மெசேஜ் போட்டுட்டான், காசு அப்புறம் குடுங்கறான். இப்ப கடன வாங்கி ரெண்டுக்கும் போகப்போறேன், வேற வழியில்ல. சீட்டு மேடைக்கு ரொம்ப பக்கமாம், ஆனா சைடுல, கிட்டத்தட்ட மேடைக்கு பின்னாடி வர்ற மாதிரி ப்ளான்ல தெரியுது. அண்ணே அங்க எப்படி கேக்கும்?

ஃபேடர்_அண்ணன்:

ஓரத்துக்குன்னு தனி ஸ்பீக்கர் வரிசை தொங்கவிட்டிருந்தா தப்பிச்சீங்க. இல்லன்னா பேஸ் மட்டும் முதுகுல குத்தும், பாட்டு எதிர் ஸ்டாண்டுல பட்டு திரும்பி வந்து சேரும். டிரம்மரோட கைய மட்டும் யாருக்கும் கெடைக்காத கோணத்துல பாக்கலாம். டிக்கெட்ல "ரெஸ்ட்ரிக்டெட் வியூ"னு எங்கயாச்சும் போட்டிருக்கா?

மொட்டைமாடி_ரேடியோ:

போட்டிருக்குண்ணே. பொடி எழுத்துல.